ரொவீனாவுக்குக் கிடைத்த இரண்டு நாட்கள்

வெல்ஷ்ஃபோர்டு சீஸ் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது எனக்கும் மேலாளருக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே மூச்சு விடக்கூடாது என்று சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எனக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கென் என்பவர் என்னைவிட அதிகம் வாங்கினார் என்பதுகூட, அவர் விட்டுப்போன கோப்புகளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. ரொவீனா டக்கெட் விஷயத்திலும் அப்படியே இருந்துவிட்டேன்.

ரொவீனா பத்தொன்பது வயதில் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தாள். தொட்டி கழுவும் வேலை. ரப்பர் பூட்சு, முழங்கை வரை கையுறை, தலையில் வலைத்தொப்பி. ஒரு நாள் குளிர்க்கிடங்கு வழியாகக் குழாயை இழுத்துக்கொண்டு போனவள் நின்று, மூக்கைச் சுளித்து, "இந்த வரிசையில ஏதோ கெட்டுப்போகுது" என்றிருக்கிறாள். கிடங்கில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். மோப்ப நாய் வந்துவிட்டது என்று கேலி செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த வரிசையை அப்படியே தூக்கி எறிய வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் மோப்ப நாய் என்றுதான் கூப்பிட்டார்கள், ஆனால் குரல் மாறியிருந்தது.

சில வருடங்களில் அவள் கிரேடர் ஆனாள். கிரேடர் என்றால் சீஸின் தரம் பார்ப்பவர். நடுவில் குழிந்த நீளமான கம்பியை சீஸ் கட்டிக்குள் செருகித் திருப்பி இழுத்தால் விரல் தடிமனுக்கு ஒரு துண்டு வரும். அதை மோந்து, விரலால் நசுக்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, இது மூன்று மாதத்தில் விற்க வேண்டியதா, இரண்டு வருடம் கிடங்கில் வைக்கலாமா என்று சொல்ல வேண்டும். இன்று சொல்வது சரியா என்று தெரிய வருடக்கணக்காகும். ரொவீனா சொன்னது தப்பாகப் போனதாக எனக்கு நினைவில்லை. வேலை நாட்களில் காப்பி குடிக்கமாட்டாள், வாசனைச் சோப்பு தொடமாட்டாள். மதியம் என்னுடன் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சாண்ட்விச் சாப்பிடுவாள்.

"உன் வாழ்க்கையில ருசின்னு ஒண்ணு கெடையாதாடீ?" என்பேன்.

"என் ருசியெல்லாம் கம்பெனிக்கு வித்தாச்சு, நோரீன்" என்பாள்.

அவள் கிரேடர் ஆகி ஐந்தாறு வருடம் கழித்து காலம் என்கிற பையன் வந்தான். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு நேராக வந்தவன், இருபத்து நாலு வயது. நல்ல சுபாவம். யாரைக் கண்டாலும் முதலில் கதவைத் திறந்துவிடுவான். அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்க ரொவீனாவை நியமித்தார்கள். புளிப்புக்கும் கசப்புக்கும் நடுவில் அவன் மூக்கு தடுமாறும். அவள் அலுத்துக்கொள்ளாமல் பத்துத் தடவை கம்பியைச் செருகி இழுத்துக் காட்டுவாள்.

அவனுக்கான நியமனத் தாளை நான்தான் தட்டச்சு செய்தேன். வருடத்துக்கு அறுபத்தெட்டாயிரம் டாலர். அவனுக்குக் கற்றுக்கொடுப்பவளுக்கு ஐம்பத்தாறு. எண்ணில் ஏதோ தவறு என்று நினைத்து மேலாளர் இயனிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"தப்பெல்லாம் இல்ல. அவன் கேட்டான், குடுத்தோம்" என்றார் இயன்.

"ரொவீனா..."

"அவ கேக்கலையே, நோரீன். கேக்காதவங்களுக்கு யார் கொண்டுபோய்க் குடுப்பாங்க?" சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். "நீ கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. என் கணவர் டேவ் அப்போது முதுகுவலியால் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் படுத்திருந்தார். அன்று மதியம் ரொவீனாவுக்கு எதிரே உட்கார்ந்து என் சூப்பைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ரொவீனாவின் கணவன் கார்த் பால் டேங்கர் ஓட்டுபவன். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் பண்ணை பண்ணையாகச் சுற்றிப் பால் எடுத்துக்கொண்டு மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்புவான். ஓவர்டைம், விடிகாலைப் படி, ஞாயிற்றுக்கிழமைப் படி எல்லாம் சேர்ந்து அவள் சம்பளத்தைவிட நன்றாகவே மேலே போகும். அவளுக்கு முப்பத்தொரு வயதில் ஹேட்டி பிறந்தாள். ஒரு வருடம் விடுப்பு எடுத்தாள். திரும்ப வரவேண்டிய நேரத்தில்தான் கஷ்டம் ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு குழந்தைகள் காப்பகம். கர்ப்பமாக இருக்கும்போதே பெயர் கொடுத்து வைத்திருந்தாள் ரொவீனா. அவர்கள் கடைசியில் தந்தது வாரத்துக்கு இரண்டு நாள் இடம், செவ்வாயும் புதனும். அடுத்த காப்பகம் நாற்பது நிமிடம் தள்ளி, மலைப்பாதையில். அங்கே எட்டு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். எங்கள் கிடங்கில் வேலை ஆரம்பிப்பது ஆறரைக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஹேட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் கணவனும் மனைவியும் ஒரு காகிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை தரையில் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கார்த், "வா நோரீன், கணக்குப் போடறவதானே நீ, நீயே சொல்லு" என்றான்.

"என்ன சொல்லணும்?"

"அஞ்சு நாளும் டே கேர்ல விட்டா இவ சம்பளத்துல என்ன மிஞ்சும்? வரி போக, பீஸ் போக, பெட்ரோல் போக? ஒண்ணுமில்ல. இவ வேலைக்குப் போறதே அந்த டே கேருக்குக் கட்டத்தான்னு ஆயிடும்."

ரொவீனா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் என் சம்பளத்துலேருந்து மட்டும் கழிக்கிற?"

"என்ன?"

"பீஸை ஏன் என் சம்பளத்துலேருந்து கழிக்கிற? உன்னோடதுலேருந்து கழிச்சுப் பாரு. அவ என்ன எனக்கு மட்டும் பொறந்தவளா?"

"ரோ, நான் அப்படிச் சொல்லல. யாராவது ஒருத்தர் குறைச்சுக்கணும்னா கம்மியா வாங்கறவங்கதானே குறைச்சுக்கணும். என் வண்டியை நிறுத்தினா வீட்டுக் கடனை எவன் கட்டுவான்?"

"அதான் தெரியுமே."

"தெரிஞ்சா அப்புறம் எதுக்குக் கோவிச்சுக்கற?"

"தெரியுதுன்னுதான் கோவம்."

கார்த் கெட்டவன் இல்லை. டேங்கரை விட்டு இறங்கி வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொள்வான், துணி மடிப்பான், உருளைக்கிழங்கு வேகவைப்பான். ஆனால் விடியற்காலை மூன்று மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை குழந்தைக்கு அம்மா மட்டும்தான். அந்த நேரத்தில்தான் எங்கள் தொழிற்சாலையும் ஓடும். நான் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். ரொவீனா அதைப் பிரித்து, "அழகா இருக்கு" என்றாள். பிறகு காகிதத்தை நான்காக மடித்து அடுப்புக்குள் போட்டாள்.

செவ்வாய், புதன் மட்டும் வேலைக்குத் திரும்பினாள். அவள் திரும்பிய அதே குளிர்காலத்தில் ஹெட் கிரேடர் ஓய்வு பெற்றார். கிடங்கில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த இடம் அவளுக்குத்தான் என்று எண்ணியிருந்தார்கள், அது அவள் விடுப்பில் போவதற்கு முன்னால். இப்போது அது காலமுக்குப் போனது. இயன் அவளைக் கூப்பிட்டு நேரடியாகவே சொன்னார். "அஞ்சு நாளும் இங்க இருக்கறவங்க வேணும் ரோ. உன் மூக்கைப் பத்தி யாரும் எதுவும் சொல்லல."

காலம் அவளிடம் வந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றான். அவள், "போய் வேலையைப் பாரு கால். கம்பியைத் துடைச்சு வை, நேத்து துடைக்காம போயிட்ட" என்றாள். புதிய சம்பளத்தோடு அவன் தாள் என் மேசைக்கு வந்தது. தட்டச்சு செய்தேன்.

அதற்கப்புறம் அவளுடைய செவ்வாயும் புதனும் எப்படி ஓடின என்று நான் பார்த்திருக்கிறேன். ஐந்து நாள் வேலையை இரண்டு நாளில் அடைத்து வைத்தார்கள். சந்தேகமான கட்டிகள் எல்லாவற்றையும் காலம் ஒரு மூலையில் எடுத்து வைத்திருப்பான், "ரோ வந்து பாக்கட்டும்" என்று. நடுவில் தொலைபேசி வரும். ஹேட்டிக்கு அடிக்கடி காது வலி, காய்ச்சல். காய்ச்சல் கண்டால் காப்பகத்தில் ஒரு மணி நேரம்கூட வைத்திருக்கமாட்டார்கள். ஆனால் அன்றைய கட்டணம் கட்டணம்தான். காப்பக விண்ணப்பத்தில் அப்பாவின் எண்ணும் இருந்தது. ஒரு தடவைகூட கார்த்தின் போன் அடித்ததில்லை.

ஒரு ஜூலை மாதம், புதன்கிழமை. வெளியே நாலு நாளாக விடாத மழை. இரண்டு வருடம் வைத்து விற்கும் உயர்ந்த ரகத்துக்காக ஒரு பெரிய அடுக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாள். நான் யாரோ ஒருவரின் விடுப்புத் தாளில் கையெழுத்து வாங்கக் கிடங்குக்குப் போயிருந்தேன். ரொவீனா நான்காம் வரிசையில் நின்று கம்பியை இழுத்தாள். மோந்தாள். இன்னொரு கட்டியில் செருகினாள். திரும்ப மோந்தாள்.

"என்ன?" என்றான் காலம்.

"இருக்கு. ரொம்பக் கொஞ்சமா இருக்கு. பின்னாடி நிக்குது பாரு, நாக்கோட அடியில."

அவன் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"இப்போ நல்லாத்தான் இருக்கும். ஒன்பது மாசம் தாண்டாது. கசந்துடும்."

அப்போதுதான் அவள் போன் அடித்தது. ஹேட்டிக்கு நூற்று மூன்று டிகிரி. ரொவீனா கையுறையை இழுத்துக் கழற்றிக்கொண்டே, "நாலாம் வரிசையைத் தொடாதே கால். செவ்வாய்க்கிழமை வந்து முழுசாப் பாத்துச் சொல்றேன். கேக்குதா? தொடாதே" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மேல்கோட்டை மறந்து போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டே வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை இயன் கிடங்கில் இடம் வேண்டும் என்று நெருக்கினார். காலம் நான்காம் வரிசையையும் உயர்ந்த ரகத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டான். செவ்வாய்க்கிழமை ஹேட்டி ஆஸ்பத்திரியில் இருந்தாள், ரொவீனா வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தபோது அந்த அடுக்கை மெழுகிட்டு உள்ளே தள்ளியாகிவிட்டது.

ஒரு வருடத்துக்குமேல் ஆனபிறகு திறந்து பார்த்தார்கள். நான்காம் வரிசை முழுக்கக் கசப்பு. பீட்சா கடைகளுக்குத் துருவி விற்பதற்குத்தான் ஆயிற்று. மெல்பர்ன் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கூட்டத்தில் குறிப்பெடுக்க என்னையும் உட்கார வைத்தார்கள். இயன் அந்த ஜூலையில் இரண்டு வாரத்து வருகைப் பதிவை மேசையில் வைத்தார். ரொவீனாவின் பெயருக்கு எதிரே, பாதி நாள், வரவில்லை, வரவில்லை.

"வாரத்துக்கு ரெண்டு நாள் வர்றவங்களை நம்பி கிடங்கை விட்டா இப்படித்தான் ஆகும்" என்றார் இயன்.

ரொவீனா காலமைப் பார்த்தாள். அவன் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அதைத் தொடாதேன்னு சொன்னேன்" என்றாள் அவள்.

"எழுதி வச்சியா?" என்று கேட்டார் மெல்பர்னிலிருந்து வந்தவர்களில் ஒருவர்.

"என் பொண்ணுக்கு நூத்தி மூணு டிகிரி ஜுரம். எழுதி வைக்கல."

நானும் அன்று கிடங்கில் நின்றேன், என் காதால் கேட்டேன். குறிப்பெடுக்க வந்தவளுக்கு வாய் எதற்கு என்று இருந்துவிட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது இதுதான்.

கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் காலம் அவள் பின்னால் ஓடினான். அங்கே பேசியதை ரொவீனாதான் பிறகு எனக்குச் சொன்னாள்.

"ரோ, தப்பு என்னோடதுதான். எனக்குத் தெரியும்."

"அதை உள்ளே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னைத் தூக்கிடுவாங்க. போன மாசம்தான் வீடு வாங்கியிருக்கோம். வீட்டுக்காரி வேற முழுகாம இருக்கா. உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க ரோ, நீ எவ்வளவு சீனியர்! நேத்து வந்த எனக்கே சேர்ற அன்னிக்கு அறுபத்தெட்டு குடுத்தாங்கன்னா, உனக்கு..."

அங்கேயே நிறுத்திவிட்டான், அவள் முகத்தைப் பார்த்து.

ஐந்து நிமிடத்தில் அவள் என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தவில்லை. உட்காரவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. "தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"அவன் சேர்ந்த நாள்லேருந்து."

அவள் தலையை ஆட்டினாள். ஏதோ கட்டியின் தரத்தைக் கேட்டுக்கொள்கிற மாதிரி, மெதுவாக. "ஆறு வருஷம். தினம் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்க."

"கையெழுத்துப் போட்டிருக்கேன் ரோ. வேலை போயிடும். அப்போ டேவ் படுத்த படுக்கையா..."

"நீ எனக்குக் காகிதத்தைக் காட்ட வேண்டாம் நோரீன். எவ்வளவுன்னு சொல்ல வேண்டாம். 'ரோ, போய்க் கேளுடீ'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அதுக்கு எந்தக் கையெழுத்து குறுக்க நின்னுது?"

மேசையிலிருந்த சம்பளத் தாள்களை நேராக அடுக்கினேன்.

"அன்னிக்கு நீயும் கிடங்குல நின்ன" என்றாள். போய்விட்டாள். அதன் பிறகு மதியத்தில் அவள் வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறு வாரம் இயனிடம் போய்க் கேட்டாள். நேராகத்தான் கேட்டிருக்கிறாள். அவர் கோபப்படவில்லை. காலமுக்குப் பட்டம் இருக்கிறது, முழு நேரம், பொறுப்பு அதிகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் கொஞ்சம் இறங்கினார். "நாலு நாள் வா. சம்பளத்தைச் சரிபண்ணிக் குடுக்கறேன். எழுதியே குடுக்கறேன்."

நாலு நாள். அதற்காக அவள் காப்பகத்தின் வாசலில் போய் நின்றாள். அதை நடத்துகிறவள் ஷேரன் என்று ஒருத்தி, தங்கமான பெண். அவள் கைகளை விரித்தாள்.

"இடம் இருக்கு ரோ. கட்டில் இருக்கு, பொம்மை இருக்கு. பாத்துக்க ஆள் இல்ல. போன மாசம் ரெண்டு பேர் போயிட்டாங்க. இந்தச் சம்பளத்துக்கு எவ நிப்பா? சூப்பர் மார்க்கெட்ல சாமான் அடுக்கினா இதைவிட ஜாஸ்தி கெடைக்குது."

"டெஸ்ஸி இருக்காளே. ஹேட்டி அவகிட்டதான் ஒட்டுவா."

"டெஸ்ஸியும் நோட்டீஸ் குடுத்துட்டா. உங்க பாக்டரியிலதான் வேலை கெடைச்சிருக்காம்."

உண்மைதான். டெஸ்ஸியின் தாளும் என் மேசைக்கு வந்திருந்தது. இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கி, ஒரே நேரத்தில் எட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் எங்கள் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு வந்தாள். வாரச் சம்பளத்தைப் பார்த்து, "சும்மா சீஸ் அடுக்கறதுக்கா இவ்வளவு?" என்று என்னிடம் கேட்டாள். இன்னும் ஒரு மாதத்தில் ஆள் பற்றாமல் காப்பகத்தில் ஒரு அறையை மூடினார்கள். ரொவீனாவுக்கு இருந்த இரண்டு நாளில் ஒன்று போயிற்று.

அவள் ராஜினாமாக் கடிதம் இரண்டு வரிதான். அதை என்னிடம் கொடுக்காமல் இயனின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பதினாறு வருட வேலை. கிடங்கில் கேக் வெட்டினார்கள். கம்பி ஒன்றைத் துடைத்துப் பளபளப்பாக்கி, மரப்பெட்டியில் வைத்துப் பரிசாகக் கொடுத்தார்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். என் பக்கம் அவள் திரும்பவில்லை.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. அரசாங்க அனுமதி வாங்கி, தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். பின்கட்டில் வேலி போட்டாள், மணல்தொட்டி வைத்தாள். நாலு குழந்தைகள். காலை ஆறு மணிக்கே கதவைத் திறப்பாள், எங்கள் தொழிற்சாலைப் பெண்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. கிரேடராக வாங்கியதில் பாதிகூட வராது. அதைவிடக் கூட்டிக் கேட்கவும் அவளுக்கு மனமில்லை. கூட்டினால் அந்த அம்மாக்களின் சமையலறை மேசையிலும் ஒரு காகிதம் வரும், யார் சம்பளத்திலிருந்து கழிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா?

காலம் இரண்டு மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போனான். முதல் தடவை சட்டைப்பையில் தாளில் சுற்றி ஒரு துண்டு கொண்டுபோனான். அவள் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வாங்கி மோந்து, "ஆறு மாசத்துக்குள்ள வித்துடு" என்றாள். இரண்டாவது தடவை மூன்று துண்டு. மூன்றாவது தடவை அவன் பையைத் திறக்கும்போதே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"இதுக்குத்தான் உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க, கால்."

"ரோ, ஒரே ஒரு..."

"சம்பளத்துல எனக்குப் பாதி குடுக்கறியா? இல்லல்ல? அப்போ நீயே மோந்து பாரு."

அவன் காது வரை சிவந்துபோனதாக, அந்த நேரத்தில் குழந்தையை விட வந்த பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள். பிறகு அவன் அங்கே போகவில்லை.

சில வருடம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு வேலையிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பொட்டலம் கட்டுபவர்கள், ஓட்டுநர்கள், அலுவலகம் என்று நிரப்பிக்கொண்டே வந்தேன். கிரேடர்கள் என்ற வரியில் நின்றேன். பெண் கிரேடர் யாரும் இல்லை, ஒப்பிட ஒருத்தியும் இல்லை. இயன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன யோசனை? 'வித்தியாசம் இல்லை'ன்னு போடு" என்றார்.

"ஆளே இல்லைன்னுதானே போடணும்?"

"அதுக்குக் கட்டம் இருக்கா?"

இல்லை. வித்தியாசம் இல்லை என்றே போட்டேன். கம்பெனியின் செய்தி மடலில் அதை வைத்து ஒரு பத்திகூட எழுதினார்கள். நான் அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற்றுக்கொண்டேன். இன்னும் மூன்று வருடம் இருந்திருக்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டும் தைரியம் வந்தது. காலம் மெல்பர்னில் பெரிய வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டான். ஹெட் கிரேடர் இடத்துக்கு விளம்பரம் வந்திருந்தது. இயனும் போய் ஒரு புதிய பெண் மேலாளர் வந்திருந்தாள். சம்பளம் எவ்வளவு என்று விளம்பரத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அவளுக்கு நாற்பது ஆகவில்லை. முன்தலையில் நரை ஓடியிருந்தது. மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள், தினம் குழந்தைகளைத் தூக்கித் தூக்கி வந்த வலி. "உள்ளே வா. சத்தம் போடாதே, ரெண்டு தூங்குது" என்றாள்.

நான் காகிதத்தை மேசையில் வைத்தேன். அவள் நின்றபடியே படித்தாள்.

"பத்து வருஷம் லேட்டு" என்றேன். "இப்பவாவது சொல்றேன். போய்க் கேளுடீ ரோ."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஹேட்டி இப்போ மூணாவது படிக்கிறா. எனக்கு இப்போ நாளெல்லாம் கெடைக்கும்."

"அதான் சொல்றேன்."

"இங்க நாலு பேர் இருக்காங்க நோரீன். அவனோட அம்மா" என்று தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைக் காட்டினாள், "ஆஸ்பத்திரியில நர்ஸ். அவ ஷிப்ட் ஏழு மணிக்கு. இவளோட அம்மா ஸ்கூல்ல வேலை. அந்த ரெட்டைங்களோட அம்மா, உனக்குத் தெரியுமே, டெஸ்ஸி. பாக்கிங்ல சூப்பர்வைசர் ஆகப்போறாளாம். நான் கதவை மூடினா இவங்க எங்க கொண்டுபோய் விடுவாங்க? ஷேரன்கிட்ட நூத்துப் பத்து பேர் காத்திருக்காங்க."

"அது உன் தலைவலியா?"

"இல்ல" என்றாள். "என்னோடது இல்லதான். ஆனா அவங்கள்ல யாரு வேலையை விடுவாங்கன்னு எனக்குத் தெரியும். மூணு வீட்லயும் தெரியும்."

"ஒரு வாரம் யோசி."

"யோசிக்கறேன்."

உண்மையாகவே ஒரு வாரம் யோசித்தாள். கார்த்கூடச் சொன்னானாம், "போ ரோ, நான் விடிகாலை ஷிப்டை விட்டுடறேன், காலையில ஹேட்டியை நான் ஸ்கூல்ல விடறேன்" என்று. அந்த வார்த்தை வர ஏழு வருடம் ஆயிற்று. மனுப் போடக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று நர்ஸின் குழந்தைக்குக் காய்ச்சல். அம்மாவை வேலையிலிருந்து கூப்பிட ரொவீனாவுக்கு மனம் வரவில்லை. விதிப்படி கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடாமல் மடியில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

அந்த இடத்துக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

நான் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ரொவீனா வீட்டுக்குப் போகிறேன். அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்டதில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பழையபடி எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம், ஆனால் பழைய பேச்சு வருவதில்லை. குழந்தைகளைப் பற்றி, மழையைப் பற்றி, அவள் மணிக்கட்டைப் பற்றிப் பேசுகிறோம். போன வாரம் ரெட்டையரில் ஒன்று விழித்துக்கொண்டு அழுதது. அவள் இன்னொன்றுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். "அவளைக் கொஞ்சம் தூக்கிக்கோயேன்" என்றாள் திரும்பாமலே. தூக்கிக்கொண்டேன். டெஸ்ஸி வரும் வரைக்கும், மணி நாலேகால் வரைக்கும், வைத்திருந்தேன்.